காலை அறிவிப்புப் படிவம்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெரிய மருத்துவமனையில் ஒரு நாளைக்கு அழுக்காகும் மூவாயிரம் படுக்கை விரிப்புகளும் துவைக்கப்பட்டு, உலர்ந்து, சூடான உருளைக்குள் புகுந்து வெளிவந்து, கடைசியில் அவள் மேசையில்தான் விழும். நீளத்தில் இரண்டு மடிப்பு, அகலத்தில் மூன்று. ஒரு விரிப்புக்கு எட்டு நொடி. பதினொரு வருடமாக அந்த எட்டு நொடி மாறவில்லை. மாறியது வேலை நேரம் மட்டும்தான். ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு, அடுத்த வாரம் மதியம் இரண்டு மணிக்கு, அதற்கடுத்த வாரம் இரவு பத்து மணிக்கு. இரவு வாரம் முடிகிறபோது உடம்பு ஒருவழியாக இரவுக்குப் பழகியிருக்கும். பழகிய மறுநாள் மறுபடியும் காலை ஆறு மணி.

கடைசி இரண்டு வருடத்தில் பதினொரு கிலோ ஏறியிருந்தாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எடையைப் பற்றி அவனுக்குத் தொழில்முறையான கருத்துகள் உண்டு.

"எங்க லிஃப்ட்ல நாலு பேர் ஏறலாம்னு எழுதி ஒட்டியிருக்கும். நீ வரதா இருந்தா மூணுன்னு மாத்தி ஒட்டணும் போல."

அவள் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கையில் தட்டோடு தூங்கிப்போயிருந்தாள்.

வருடாந்திரப் பரிசோதனையில் ரத்தத்தைப் பார்த்த டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்த ஷிப்ட்ல வேலை செய்றீங்க?"

"வாரம் ஒண்ணு டாக்டர்."

"அதான்" என்றார். சர்க்கரை எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறது, இன்னும் ஒரு அடி வைத்தால் அந்தப் பக்கம் போய்விடும் என்றார். சீட்டை எடுத்து மூன்று சொல் எழுதினார்: நிலையான பகல் பணி. கீழே மருந்து ஒன்றும் எழுதவில்லை. அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் ஒன்றுமில்லை.

பணியாளர் விதிகளில் பதினாலாவது விதி இப்படிச் சொல்கிறது: எல்லைக்கோட்டைத் தாண்டியவர் 'இயந்திரத்தருகே நிற்கத் தகாதவர்'. சலவைக்கூடத்தில் இயந்திரத்தருகே இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது. ஆகவே, தகாதவர்கள் வீட்டில் நிற்பார்கள். எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு அடுத்த பரிசோதனை ஆறு மாதத்தில்.

சீட்டை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"உடம்பு சம்பந்தப்பட்டது எதுவும் என் கைல இல்லம்மா. ஷிப்ட் சம்பந்தப்பட்டதுன்னா சொல்லு."

"இது ஷிப்ட் சம்பந்தப்பட்டதுதானே சார்?"

"டாக்டர் கையெழுத்து இருக்கே. டாக்டர் எழுதினா அது உடம்பு. மூணாவது மாடிக்குப் போ."

மூன்றாவது மாடியில்தான் உடற்கடிகார நலப் பிரிவு இருந்தது. பணியாளர்களின் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைச் சரியாக வைத்திருப்பது அதன் பொறுப்பு. அலுவலக நேரம் பத்து முதல் நான்கு. ஒன்றரை மணிக்கு விளக்குகளை மங்கலாக்கி எல்லோரும் முக்கால் மணி நேரம் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார்கள். அதற்கு 'ஒத்திசைவு ஓய்வு' என்று பெயர். இரவு வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்த மடிப்புக்காரி, பூட்டிய கதவுக்கு வெளியே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு ஓர் இளைஞன் வந்து கதவைத் திறந்தான். நலப்பிரிவின் கடிகார அலுவலர். சலவைக்கூடத்தில் அவனைக் கடிகாரம் சார் என்பார்கள். நல்ல முகம், நன்றாகத் தூங்கிய முகம்.

"ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கீங்களா? முன்னாடியே திறந்திருக்கலாம். எங்களுக்கு ஷிப்ட் கிடையாதும்மா. அது உடம்புக்கு ஆகாது" என்றான். நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னான்.

இயக்குநர் அம்மையார் சீட்டை வாங்கி, கோப்பில் வைக்க வாகாக ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டார். பிறகு பேசினார்.

"இங்க வரவங்க எல்லாருமே ஷிப்ட் மேல பழி போடறாங்க. ஷிப்ட் என்ன பண்ணும்? அது ஒரு நேரம். நேரம் யாரையும் குண்டாக்காது. உங்க உடம்பு அந்த நேரத்தைப் புரிஞ்சுக்கல. அதுதான் கோளாறு. உங்க வளர்சிதை மாற்றம் இன்னும் சூரியனை நம்பிக்கிட்டிருக்கு. அந்தப் பழைய பழக்கத்துலேர்ந்து அதை நாம வெளிய கொண்டுவரணும்."

மூன்று டப்பாக்களை மேசைமேல் வைத்தார். மஞ்சள் கேப்சூல் காலையில் உடம்பை எழுப்பும். நீலம் மாலையில் அடக்கும். வெள்ளை, மற்ற இரண்டும் உள்ளே சண்டை போடாமல் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு இரண்டு. மூன்று டப்பாவிலும் 'உணவுடன்' என்று அச்சிட்டிருந்தது.

"மஞ்சளைக் காலைல போட்டுக்கணும்."

"எந்தக் காலைல மேடம்?"

"எந்தக் காலைன்னா?"

"நான் எழுந்திருக்கிற காலையா, வெளிய விடியற காலையா? இந்த வாரம் நான் எழுந்திருக்கிறது சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

இயக்குநர் பேனாவை மூடினார். அந்தப் பிரிவு தொடங்கி ஆறு வருடத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஒரு குழு அமைத்தார். சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

குழு மூன்று வாரம் கூடிப் பேசிச் சுற்றறிக்கை அனுப்பியது. 'காலை என்பது வானத்தில் நிகழ்வதன்று. பணியாளரின் உடலுக்குள் நிகழ்வது. ஆகவே, பணியாளர் ஒவ்வொருவரும் தமது காலை எப்போது என்பதைப் படிவம் ஆறின் மூலம் இரண்டு பிரதிகளில் அறிவிக்க வேண்டும். அறிவிக்கும்போது அவர் விழிப்பு நிலையில் இருத்தல் அவசியம். படிவங்கள் காலை பத்து முதல் பதினொன்று வரை பெறப்படும்.'

அடுத்த இரவு வாரத்தில் மடிப்புக்காரி படிவத்தை நிரப்பினாள். 'எனது காலை' என்ற கட்டத்தில் 'மாலை ஐந்து மணி' என்று எழுதினாள். எழுதும்போது ஏதோ பொய் சொல்கிற மாதிரி இருந்தது. பத்து மணிக்கு ஜன்னலில் நீட்டினாள். கடிகாரம் சார் விரல் விட்டு எண்ணினான்.

"உங்க காலை சாயங்காலம் அஞ்சு மணி. அப்படிப் பார்த்தா உங்களுக்கு இப்ப நடுராத்திரி ஆகுதேம்மா."

"ஆமா சார். தூக்கம் வருது."

"நடுராத்திரில படிவம் வாங்கறதுக்கு விதி இல்லையே. நீங்க விழிப்பு நிலையில இருக்கணும்."

"அப்ப சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரட்டுமா?"

"நாலு மணிக்கு மூடிடுவோமே."

கடிகாரம் சார் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த வாரம் அவளுக்குப் பகல் ஷிப்ட். பத்து மணிக்கு மேசையை விட்டு நகர முடியாது. அதற்கடுத்த வாரம் மதிய ஷிப்ட். பத்து மணிக்கு நன்றாக விழித்திருந்தாள். ஓடிப்போனாள். படிவம் ஆறு போய் ஆறு-அ வந்திருந்தது. அது அச்சில் இருந்தது.

மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிட்டாள். ஒரு நாளைக்கு ஆறு. ஆறும் உணவுடன் என்பதால் ஆறு வேளை சாப்பாடு. பசி இல்லாமலே தின்றாள். மஞ்சளைப் போட்டால் காது சூடாகும். நீலத்தைப் போட்டால் காது ஆறும். வேறு எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. துவைக்கும் இயந்திரத்தின் பக்கம் வேலை செய்யும் நுரை அண்ணன், மஞ்சளையும் நீலத்தையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

"என்னண்ணே, ரெண்டையும் ஒண்ணாவா?"

"எனக்கு எது காலை, எது சாயங்காலம்னு யார் சொல்றது தங்கச்சி? உள்ள போய் ரெண்டும் பேசித் தீர்த்துக்கட்டும்."

மாதாந்திர எடை பார்ப்பில் அவள் மூன்று கிலோ கூடியிருந்தாள். நுரை அண்ணன் நான்கு. இயக்குநர் பட்டியலைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"நல்ல அறிகுறி. மாத்திரை வேலை செய்யலைன்னா எடை அப்படியே நின்னிருக்கும். கூடியிருக்குன்னா உடம்பு எதிர்க்குதுன்னு அர்த்தம். எதிர்க்குதுன்னா மாத்திரை அதைத் தொட்டிருக்குன்னு அர்த்தம்."

"குறைஞ்சா மேடம்?" என்று நுரை அண்ணன் கேட்டார்.

"குறைஞ்சா அது மாத்திரையாலதான். அதுல என்ன சந்தேகம்?"

மடிப்புக்காரி சீட்டை மறுபடி நீட்டினாள். இந்த முறை அதில் ஒரு முத்திரை விழுந்தது: 'பார்க்கப்பட்டது'. அந்த வாரமே அது ஏப்ரன் பையில் மறந்துபோய்த் துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்வந்தது. டாக்டர் மைப்பேனாவில் போட்ட கையெழுத்தும் தேதியும், முத்திரையும் கரைந்துவிட்டன. பந்துமுனைப் பேனாவில் அழுத்தி எழுதிய மூன்று சொல் மட்டும் மிச்சம். அவள் அதை உருளையின் ஓரத்தில் காயவைத்து, நான்காக மடித்துப் பத்திரப்படுத்தினாள்.

மூன்றாவது மாதம் விடியல் விளக்கு வந்தது. சலவைக்கூடத்துச் சுவரில் ஆளுயரக் கண்ணாடித் தகடு. ஷிப்ட் தொடங்கும்போது அது முதலில் சிவந்து, பிறகு ஆரஞ்சாகி, மஞ்சளாகும். ஒலிபெருக்கியில் பறவைகள் கத்தும். பிறகு இயக்குநரின் குரல்: "இனிய காலை வணக்கம். உங்கள் உடலும் நீங்களும் ஒரே நேரத்தில் இருக்கிறீர்கள்." காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை.

"ஒரு நாளைக்கு மூணு தடவை விடியுது" என்றார் நுரை அண்ணன். "ஒரு தடவையாவது இருட்டுதா பாரு."

அது உண்மைதான். இருட்டுவதற்கான விளக்கை வாங்கிப் போட மறந்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மாத்திரைக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். மருத்துவமனையில் இத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், இதை ஓர் ஆய்வாகவே பதிந்துவிடலாம் என்றார். ஆனால், ஆய்வு என்றால் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பக்கம் யாராவது வேண்டும். அவர்கள் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் காலிக் கேப்சூலைச் சாப்பிட வேண்டும். ராத்திரியில் தூங்கி, பகலில் விழித்திருக்கும் சாதாரண மனிதர்களாகவும் இருக்க வேண்டும்.

"அப்படி ஆள் எங்க கிடைப்பாங்க?" என்று இயக்குநர் யோசித்தார்.

"உங்க பிரிவுலயே இருக்கீங்களே?" என்றார் கம்பெனி ஆள்.

"நாங்க ஆய்வாளர்கள். எங்களைப் போய் ஆராய முடியுமா?"

கோப்புகளைத் துழாவினார்கள். நாற்பத்திரண்டு பணியாளர்களில் ஒருத்தியின் படிவம் மட்டும் கடைசிவரை ஏற்கப்படவில்லை. ஆவணப்படி பார்த்தால் அவளுக்குப் பல வாரங்களாகக் காலையே வரவில்லை. காலை வராததால் அவள் மஞ்சள் மாத்திரையும் சாப்பிட்டிருக்க முடியாது. அதாவது, மாத்திரை படாத உடம்பு. ராத்திரியில் தூங்கவைக்க, பகல் ஷிப்டில் போட்டால் போதும். ஒரு வாரம் கழித்துக் கடிகாரம் சார் தானே சலவைக்கூடத்துக்கு இறங்கி வந்து, மடிப்பு மேசையில் காகிதத்தை வைத்தான்.

"ஒப்பீட்டுக் குழுன்னு ஒண்ணும்மா. நீங்க ஒருத்தர்தான் குழு. பன்னிரண்டு வாரம், பகல் ஷிப்ட் மட்டும். மாறாது."

அவள் இரண்டு முறை படித்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அது எப்படி என்று உடனே ஞாபகம் வரவில்லை.

"பகல்னா எந்தப் பகல் சார்?"

"வெளிய இருக்கிற பகல்தாம்மா" என்றான் அவன். குரல் தணிந்திருந்தது.

காலிக் கேப்சூலுக்கு எதற்கு மூன்று நிறம் என்று வெள்ளையை மட்டும் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்று. விரலால் அழுத்தினால் ஒடுங்கும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். காலி என்பது யாருக்கும் ரகசியம் இல்லை.

முதல் வாரம் பாத்திரம் கழுவும் இடத்திலேயே நின்றபடி தூங்கினாள். இரண்டாவது வாரம் அலாரம் அடிக்கும் முன்பே கண் விழித்தாள். மூன்றாவது வாரம் ஒரு மதியம், வீட்டுக்கு நடந்து வருகிறபோது வயிற்றில் ஏதோ பிசைந்தது. ஏதோ வியாதி என்று பயந்து ஓரமாக நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பசி என்று புரிந்தது. அடுக்களை ஜன்னலில் மூன்றரை மணிக்கு வெயில் விழுந்து, கேஸ் அடுப்புவரை நகர்ந்து, நாலரைக்குப் போய்விடும் என்பதைக் கண்டுபிடித்தாள். அந்த வீட்டுக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

"நீ குறட்டை விடற" என்றான் லிஃப்ட் மெக்கானிக், ஒரு நாள் காலையில்.

"முன்னாடி விடமாட்டேனா?"

"முன்னாடி நீ தூங்கினாத்தானே."

பிறகு அவன் அவள் தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்து எடுத்துக்கொண்டான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். கல்யாணமான புதிதில் அப்படிச் செய்திருக்கிறாள்.

பன்னிரண்டாவது வாரம் பரிசோதனை. ஆறு கிலோ குறைந்திருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார். "இப்படியே இருங்க. இதை மட்டும் மாத்தாதீங்க. மாத்தினா அடுத்த ஆறு மாசத்துல மறுபடி அங்கதான் வந்து நிப்பீங்க."

ஆய்வு முடிவுக் கூட்டம் பெரிய அரங்கில், காலை பதினொரு மணிக்கு நடந்தது. இரவு ஷிப்ட் ஆட்களையும் வீட்டுக்கு விடாமல் உட்காரவைத்திருந்தார்கள். அவர்கள் வரிசையாகத் தலை சாய்ந்து தூங்கினார்கள். 'ஆழ்ந்த கவனம்' என்று குறிப்பில் எழுதப்பட்டது.

இயக்குநர் மேடையேறினார்.

"மாத்திரை சாப்பிட்டவங்க நாப்பத்தியொரு பேர். நாப்பத்தியொரு பேருக்கும் எடை கூடியிருக்கு. காலிக் கேப்சூல் சாப்பிட்டவங்க ஒருத்தர். அவங்களுக்கு ஆறு கிலோ குறைஞ்சிருக்கு. இதுலேர்ந்து என்ன தெரியுது?"

அரங்கம் குறட்டை விட்டது.

"காலிக் கேப்சூல்தான் வேலை செய்யுது! ஆறு வருஷமா நாம உள்ள என்ன போடறதுன்னு யோசிச்சிட்டிருந்தோம். ஒண்ணுமே போடக்கூடாதுன்னு நமக்குத் தோணல. மனசார ஒத்துக்கறேன்."

மேடை ஓரத்தில் நின்ற கடிகாரம் சார் தொண்டையைச் செருமினான். "மேடம்... அவங்களுக்கு ஷிப்ட்டும் மாறாம இருந்தது. அதுவும் ஒரு..."

"தம்பி, ஷிப்ட் எல்லாருக்கும் பொதுவானது. பொதுவா இருக்கிற ஒண்ணு எப்படிக் காரணமாகும்? தவிர, நம்ம பிரிவு மாத்திரை கொடுக்கிற பிரிவு. ஷிப்ட்டுதான் காரணம்னா நாம எதுக்கு இருக்கோம்?"

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

மடிப்புக்காரியை மேடைக்குக் கூப்பிட்டு ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். அவள் இதுவரை எந்த ஒலிவாங்கியிலும் பேசியதில்லை. பையிலிருந்த சீட்டைத் தொட்டுக்கொண்டாள்.

"நான் பகல்ல வேலை செஞ்சேன். ராத்திரி தூங்கினேன்" என்றாள். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமோ என்று யோசித்தாள். "அவ்வளவுதான். அதையே எல்லாருக்கும் கொடுத்தீங்கன்னா போதும்."

இயக்குநர் கைதட்டினார். "எவ்வளவு எளிமையா சொல்றாங்க பாருங்க! ராத்திரி தூக்கம் தானா வருதாம். எதனால? இந்தக் கேப்சூலால. அவங்களே கேக்கறாங்க, எல்லாருக்கும் கொடுங்கன்னு. கொடுக்கப்போறோம்."

அன்று மாலையே அவளுக்கு ஓர் ஆணை வந்தது. 'ஒப்பீட்டுக் காலம் நிறைவுற்றது. தாங்கள் முன்மாதிரிப் பணியாளராக நியமிக்கப்படுகிறீர்கள். காலிக் கேப்சூலின் பயன் அனைவரையும் சென்றடைய வேண்டியிருப்பதால், மூன்று ஷிப்டுகளிலும் வாரம் ஒன்று வீதம் சுழற்சி முறையில் பணியாற்றி, ஷிப்ட் தொடக்கத்தில் தங்கள் கையாலேயே வழங்க வேண்டும்.' முதல் வாரம் இரவு.

"வேலை போகலையே. அந்த வரைக்கும் நல்லதுன்னு விடு" என்றான் லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டு டப்பாவை அவனே கட்டிக்கொடுத்தான். அடுத்த பரிசோதனை வரை, ஆறு மாதத்துக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தானே சமைப்பதாகச் சொன்னான். அவள் காதில் ஆறு மாதம் என்பது மட்டும்தான் விழுந்தது.

இரவு பத்து மணிக்குச் சலவைக்கூடத்துச் சுவர் சிவந்து, ஆரஞ்சாகி, மஞ்சளானது. பறவைகள் கத்தின. "இனிய காலை வணக்கம்" என்றார் இயக்குநர், வீட்டில் தூங்கிக்கொண்டே. விளக்கின் முன்னால் பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். வெள்ளை டப்பாவைத் திறந்து மடிப்பு மேசையில் வைத்தாள் மடிப்புக்காரி. முதலில் முன்மாதிரி சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி.

அவள் ஒரு கேப்சூலை எடுத்துத் திருகி, இரண்டு பாதியாகப் பிரித்தாள். பையிலிருந்து சீட்டை எடுத்தாள். மூன்று சொல் இருந்த பட்டையை மட்டும் கிழித்தாள். நீளத்தில் இரண்டு மடிப்பு, அகலத்தில் மூன்று, பிறகு இறுக்கி ஒரு சுருட்டு. எட்டு நொடி ஆனது. உள்ளே வைத்து மூடினாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை இன்றுதான் முதன்முதலாகச் சாப்பிடப்போகிறாள். தண்ணீர் ஊற்றி விழுங்கினாள்.

வரிசையில் முதலில் நின்ற நுரை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உள்ள ஏதோ வச்ச மாதிரி இருந்ததே தங்கச்சி?"

"ஆமாண்ணே."

"வேலை செய்யுதா?"

"தொண்டைலயே நிக்குது" என்றாள் அவள். இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பிறகு டப்பாவிலிருந்து காலியான ஒன்றை எடுத்து, ஈரமாயிருந்த அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது ஒட்டிக்கொண்டது.

"எப்ப சாப்பிடணும்?"

"காலைல."

நுரை அண்ணன் திரும்பிச் சுவரைப் பார்த்தார். நன்றாக விடிந்திருந்தது.